ரெய்கி முறை கண்ட உசுயி மிகாவோ

புனே நகரின் தெருக்களில் நடந்து செல்வோர், யோகாசன வகுப்பு, இயற்கை வைத்தியம் முதலிய அறிவிப்புப் பலகைகளுக்கிடையே ரெய்கி என்னும் சொல்லையும் காண்பர். நோயுற்றோரின் உடல்மீது கைகளை மெல்ல வைத்து, அதனால் உயிர்ப்பாற்றல் பாய்ந்து நோய் நீங்கும் என்று கூறும் ஜப்பானிய முறை இது. 1980-களின் பிற்பகுதியிலிருந்து நம் நாட்டில் பரவத் தொடங்கி, இன்று பெருநகரங்களிலெல்லாம் கட்டணம் பெற்றுக் கற்பிக்கப்படுகிறது. இதனைப் பௌத்த சமயத்தின் ஒரு பகுதி என்று சொல்லுவோரும் உளர்.

கிர்க்கி என்று முன்னர் வழங்கிய கட்கிப் பகுதியில், நம்மவர் கூடும் ஞாயிறு வழிபாடு ஒன்றில் சகோதரி ஒருவர் ஒரு கேள்வியை எழுப்பினார். அவருடைய மகனுக்குச் சிறு வயது முதற்கொண்டு இரைப்பு நோய். அண்டைவீட்டார் ஒருவர், ரெய்கியின் மூன்று படிகளையும் கற்றால் தாயே மகனின் நோயைத் தீர்க்கலாம் என்றும், பிறகு மருந்துச் செலவு வேண்டியதில்லை என்றும், புத்தர் கற்பித்த வழியே இது என்றும் கூறியிருக்கிறார். வீட்டிலுள்ள சிறிது பொன்னை அடகுவைத்துக் கட்டணம் செலுத்தலாமா, தருமத்துக்கு இது ஒத்ததா என்பதே அச்சகோதரியின் வினா. அன்று நாம் உடனே விடை சொல்லத் துணியவில்லை. ஒரு முறையை ஏற்பதற்கோ தள்ளுவதற்கோ முன், அதனைத் தோற்றுவித்தவர் யார், அவர் என்ன செய்தார், அவருக்குப் பின் அது எவ்வாறு மாறிற்று என்பனவற்றை அறிதல் முறையன்றோ? கேட்டதைக் கேட்டவாறே நம்பாமல் ஆராய்ந்து கொள்ளுமாறு காலாமர்களுக்குப் பகவன் அறிவுறுத்திய நெறியும் அதுவேயாகும். ஆதலின் உசுயி மிகாவோ என்னும் அப்பெரியாரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கிக் கூறப் புகுகின்றோம்.

பிறப்பும் காலமும்

உசுயி மிகாவோ 1865-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள், ஜப்பானின் நடுப்பகுதியிலுள்ள கிபு மாநிலத்தில், தனியாய் என்னும் மலைநாட்டுச் சிற்றூரில் பிறந்தார். உசுயி என்பது குடும்பப் பெயர். அந்நாட்டு வழக்கப்படி அது முன்னே நிற்கும். பழைய போர்வீரர் குலங்களுள் ஒன்றாகிய சிபா குலத்தின் வழிவந்தது அக்குடும்பம்.

அவருக்கு மூன்று வயது ஆகும்போது, 1868-இல், ஜப்பானில் பெரும் மாறுதல் நிகழ்ந்தது. பல நூற்றாண்டுகளாக நாட்டை ஆண்ட படைத்தலைவர் ஆட்சி வீழ்ந்து, மெய்ஜி சக்கரவர்த்தியின் ஆட்சி தொடங்கிற்று. புதிய அரசு ஷிண்டோ சமயத்தை உயர்த்த விரும்பிப் பௌத்தத்தை அதனின்றும் பிரிக்கக் கட்டளையிட்டது. அதனைச் சாக்காகக் கொண்டு பல இடங்களில் விகாரங்கள் இடிக்கப்பட்டன, புத்தர் உருவங்கள் உடைக்கப்பட்டன, அன்றேல் விற்கப்பட்டன, மணிகள் உருக்கப்பட்டன, துறவிகள் பலர் சீவரத்தைக் களைந்து இல்லறம் புகுந்தனர். பௌத்தம் வேரோடு அழிந்த நாட்டிலே பிறந்து, அதனை மீண்டும் தழுவிய நமக்கு இச்செய்தி புதிதன்று. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஜப்பானியர் அடியோடு அழியவிடவில்லை. சில ஆண்டுகளிலேயே துறவிகளும் இல்லறத்தாரும் கல்விச்சாலைகளை நிறுவியும் நூல்களைப் பதிப்பித்தும் தருமத்தைக் காத்துக்கொண்டனர். இவ்வாறு பழமை ஆட்டங்கண்டு, மேனாட்டுக் கல்வியும் மருத்துவமும் கப்பலேறி வந்துகொண்டிருந்த காலத்திலேதான் உசுயி வளர்ந்தார்.

அவருடைய வாழ்க்கையை அறிவதற்குச் சிறந்த சான்று, அவர் இறந்த மறு ஆண்டில், அதாவது 1927 பிப்ரவரியில், மாணாக்கர்கள் தோக்கியோ நகரில் நாட்டிய நினைவுக்கல் ஆகும். ஸயிஹோஜி என்னும் விகாரத்தின் இடுகாட்டிலே அது நிற்கிறது. ஒக்கடா மசயுக்கி என்னும் இலக்கிய அறிஞர் வாசகத்தை இயற்ற, கடற்படைத் தளபதியாயிருந்த உஷிதா என்னும் மாணாக்கர் அதனை எழுதிக் கொடுத்தார். ஆசிரியரைப் போற்றும் அன்பினால் எழுதப்பட்டதாயினும், அவரை நேரில் அறிந்தவர்கள் உயிரோடிருந்த காலத்தில் வெட்டப்பட்டதாதலின், பிற்காலத்துக் கட்டுக்கதைகளைவிட நம்பத்தக்கது.

வறுமையும் தோல்வியும்

இளமையில் உசுயி மிக்க ஊக்கத்துடன் கற்றார் என்று அக்கல்வெட்டுக் கூறுகிறது. வரலாறு, மருத்துவம், பௌத்த நூல்கள், கிறித்தவ வேதம், உளநூல், சோதிடம் ஆகிய பலவற்றிலும் அவர் கருத்துச் செலுத்தினார். வயது வந்தபின் சீனத்துக்கும் மேனாடுகளுக்கும் சென்று வந்தார்.

ஆயினும் உலகியலில் அவர் வெற்றி பெற்றாரல்லர். அவர் எடுத்துக்கொண்ட முயற்சிகள் பலமுறை தோல்வியுற்றன. ஸதாக்கோ என்னும் மனைவியும், ஒரு மகனும் ஒரு மகளும் கொண்ட குடும்பத்தைத் தாங்க வேண்டியவர், வறுமையில் உழன்றார். எனினும் மனந்தளரவில்லை என்றும், தம்மைப் பண்படுத்தும் பயிற்சியை விடவில்லை என்றும் கல்வெட்டு எடுத்துரைக்கிறது. பிறரைப் போற்ற எழும் கல்வெட்டுகள் பெரும்பாலும் தோல்விகளை மறைப்பது வழக்கம். இக்கல்வெட்டு மறைக்கவில்லை. வாணிகத்தில் தோற்று, நடுவயதையும் கடந்தபின் அமைதி தேடிப் புறப்பட்ட ஓர் இல்லறத்தார் அவர் என்பதை நாம் நினைவில் இருத்த வேண்டும். அற்புதங்களோடு பிறந்த அவதார புருடர் அல்லர்.

குராமா மலை

கியோட்டோ நகருக்கு வடக்கே குராமா என்னும் மலை உள்ளது. நெடிதுயர்ந்த தேவதாரு மரங்கள் அடர்ந்த அம்மலைமீது 770-ஆம் ஆண்டில் ஒரு விகாரம் தோன்றியது. அதனை நிறுவியவர் காந்தெய் என்னும் துறவி. அவருடைய ஆசிரியர், சீனத்திலிருந்து ஜப்பானுக்கு விநயத்தைக் கொண்டுசெல்ல முயன்று, பலமுறை தடைப்பட்டு, கண்பார்வையையும் இழந்து, இறுதியில் கரைசேர்ந்த கஞ்ஜின் மகாதேரர் ஆவார். உசுயியின் காலத்தில் குராமா விகாரம் தெண்டாய் என்னும் மகாயானப் பிரிவைச் சேர்ந்திருந்தது. 1949-இல் தனிப் பிரிவாயிற்று.

இம்மலைக்கு உசுயி ஏறிச்சென்று, 21 நாட்கள் உண்ணா நோன்பிருந்து தியானம் செய்தார். இருபத்தொரு நாள் நோன்பு ஜப்பானியப் பௌத்தத்தில் வழங்கிவந்த பழக்கமே. நோன்பின் முடிவில் தம் தலைக்கு மேலே ஒரு பேராற்றலை உணர்ந்து தெளிவு பெற்றார் என்றும், அதனையே ரெய்கி நோய்தீர்க்கும் முறையாகக் கொண்டார் என்றும் கல்வெட்டுக் கூறுகிறது. ரெய் என்பது உயரிய ஆன்மத்தன்மையையும், கி என்பது உயிர்ப்பையும் குறிக்கும். அச்சொல் அவர் புதிதாகப் படைத்ததன்று. அக்காலத்தில் உளப்பயிற்சியாலும் கை வைத்தலாலும் நோய் நீக்குவதாகக் கூறிய இயக்கங்கள் ஜப்பானில் பல தோன்றியிருந்தன. அவற்றுள் ஒன்றாக இதுவும் எழுந்தது.

அவர் முதலில் இம்முறையைத் தம்மிடத்தும் பின்னர்த் தம் குடும்பத்தாரிடத்தும் செய்து பார்த்தார். இதனைக் குடும்பச் சொத்தாக மறைத்துவைத்துக்கொள்ளலாகாது. உலகத்தார் எல்லோரும் பெறுதல் வேண்டும் என்று முடிவு செய்தார். அவர் உணர்ந்தது யாது என்பதைப் பற்றி நாம் எவ்வாறு கருதினும், இம்முடிவு போற்றற்குரியது. மூடிய கையோடு கற்பிக்கும் ஆசிரியர் அல்லர் ததாகதர் என்பதனை நாம் அறிவோம். வித்தையை மகனுக்கு மட்டும் மறைவாகச் சொல்லும் வழக்கம் நம் நாட்டிலும் ஜப்பானிலும் ஒருங்கே இருந்தது. உசுயி அவ்வழக்கத்தை விட்டு விலகினார்.

தோக்கியோவில் சங்கம்

1922 ஏப்ரலில் அவர் தோக்கியோவுக்குக் குடிபெயர்ந்து, ஹராஜுக்குப் பகுதியில் ரெய்கி மருத்துவச் சங்கம் ஒன்றை நிறுவினார். தொலைவிலிருந்தும் மக்கள் வந்து குவிந்தனர். வாயிலில் அவர்கள் கழற்றிவிட்ட மிதியடிகள் நிறைந்து கிடந்தன என்று கல்வெட்டு அக்காட்சியை நம் கண்முன் நிறுத்துகிறது.

இதே காலத்தில் ஜப்பானில் நிகழ்ந்த மற்றொரு நிகழ்ச்சியையும் நம்மவர் அறிதல் நன்று. அந்நாட்டிலும் பிறப்பினால் இழிந்தோர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் இருந்தனர். தோல் தொழில், இறைச்சித் தொழில் முதலியன செய்துவந்த அவர்களைத் தனிச் சேரிகளில் வாழவைத்தனர். பௌத்த விகாரங்களிலுங்கூட அவர்களுக்கு வேற்றுமை காட்டப்பட்டது. 1922 மார்ச் 3-ஆம் நாள், அம்மக்கள் கியோட்டோவில் கூடி, ஸுயிஹெய்ஷா எனப்படும் சமத்துவ சங்கத்தை நிறுவினர். அடுத்த மாதமே உசுயியின் சங்கம் தோக்கியோவில் தோன்றிற்று. ஒன்று உடலின் நோயைப் பற்றியது. மற்றது சமுதாயத்தின் நோயைப் பற்றியது. இரண்டாம் நோய் கை வைத்தலால் தீர்வதன்று என்பதை ஜப்பானிய ஒடுக்கப்பட்ட மக்கள் கண்டனர்; 34 ஆண்டுகளுக்குப் பின் நாகபுரியில் நம் மக்களும் கண்டனர். பௌத்த நாடு என்ற பெயர் மட்டும் சமத்துவத்தைத் தந்துவிடாது என்பதற்கும் இது சான்றாகும்.

ஐந்து கட்டளைகள்

உசுயி தம்மிடம் வந்தோர்க்கு நோய் நீக்கத்தை மட்டும் கற்பிக்கவில்லை. மனத்தைத் திருத்துதலும், உடலை நலமுற வைத்தலும், வாழ்க்கையின் இன்பத்தைப் பெறுதலுமே நோக்கமென்றார். ஆதலின் முறையைக் கற்பிக்குமுன் ஐந்து கட்டளைகளை ஏற்கச் செய்தார். காலையிலும் மாலையிலும் கைகூப்பி அமர்ந்து, அவற்றை மனத்தில் நினைத்து வாயாலும் சொல்லவேண்டும். மெய்ஜி சக்கரவர்த்தி இயற்றிய சிறு கவிதைகளையும் மாணாக்கர் ஓதுவர். அக்கால ஜப்பானிய நாட்டுப்பற்றின் சாயல் அதில் காணப்படுகிறது.

ஐந்து கட்டளைகளின் பொருள் இது. சினங்கொள்ளாதிருத்தல் முதலாவது; கவலையுறாதிருத்தல் இரண்டாவது; நன்றியறிதலோடிருத்தல் மூன்றாவது; தம் கடமையை ஊக்கத்துடன் செய்தல் நான்காவது; மக்களிடத்து அன்பாயிருத்தல் ஐந்தாவது. இவற்றை வாழ்நாள் முழுவதற்குமென்று ஏற்கச் சொல்லாமல், இன்றைய ஒரு நாளைக்கு மட்டும் என்று ஏற்கச் செய்தார். ஒரு நாள் சினத்தை அடக்குதல் எவர்க்கும் இயலும். மறுநாளும் அது இன்றைய நாளே ஆகிவிடுகிறது. உவசதநாளில் ஒரு பகலும் ஓரிரவும் எட்டுச் சீலங்களை ஏற்கும் நம் உபாசகர்களுக்கு இம்முறையின் நயம் எளிதில் விளங்கும்.

இக்கட்டளைகள் பஞ்சசீலம் அல்ல. பஞ்சசீலம் கொலை, களவு, பிறன்மனை நயத்தல், பொய், கள் ஆகிய செயல்களை விலக்குகிறது. உசுயியின் ஐந்தும் பெரும்பாலும் மனத்தின் நிலையைப் பற்றியன. துவேஷத்தை நீக்குதல், நன்றியறிதல், வீரியம், மைத்திரி என்று அவற்றைப் பௌத்தச் சொற்களால் பெயரிட்டுவிடலாம். ஆனால் சீலத்தை விட்டுவிட்டு இவற்றை மட்டும் பற்றுவது, அடித்தளமின்றிச் சுவரெழுப்புவது போலாகும்.

பெரும் நிலநடுக்கம்

1923 செப்டம்பர் முதல் நாள், நண்பகலுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில், தோக்கியோவும் யோக்கோஹாமாவும் பெரும் நிலநடுக்கத்தால் அதிர்ந்தன. வீடுகள்தோறும் பகலுணவுக்காக அடுப்பெரிந்துகொண்டிருந்த நேரம். மரத்தாலான வீடுகள் சரிந்து தீப்பற்றின. காற்றும் சேர்ந்துகொள்ள, நகரின் பெரும்பகுதி எரிந்தது. ஏறத்தாழ 1,05,000 மக்கள் மாண்டனர்.

அத்துயரத்தோடு மற்றொரு கொடுமையும் நிகழ்ந்தது. கொரிய நாட்டிலிருந்து பிழைக்க வந்திருந்த கூலிமக்கள் கிணறுகளில் நஞ்சிட்டனர், தீவைத்தனர் என்னும் பொய்ச்செய்தி பரவிற்று. வெறிகொண்ட கூட்டத்தார் ஆயிரக்கணக்கான கொரியரை வெட்டிக் கொன்றனர். அச்சமும் சினமும் கூடினால் அண்டைவீட்டான் எவ்வாறு கொலைஞன் ஆகிறான் என்பதனை இது காட்டுகிறது. சினங்கொள்ளாமையை முதற் கட்டளையாக வைத்தது எத்துணைத் தேவையானது என்பதை அந்நாட்களின் தோக்கியோவே உலகுக்கு எடுத்துரைத்தது எனலாம்.

அந்நாட்களில் உசுயி வீட்டினுள் அமர்ந்திருக்கவில்லை. காயமுற்றோரும் நோயுற்றோரும் எங்கும் கிடந்து துன்புற்றதைக் கண்டு உளம் வருந்தி, நாள்தோறும் நகரினுள் சென்று பணிசெய்தார். அவரால் உதவி பெற்றோர் எண்ணற்றவர் என்று கல்வெட்டுக் கூறுகிறது. எரிந்துபோன நகரில் மருந்துக்கும் மருத்துவருக்கும் பஞ்சமாயிருந்த வேளை அது. வீடிழந்து உற்றாரை இழந்து கிடந்தவர் அருகில் ஒருவர் அமர்ந்து, அன்போடு கையை நெற்றியில் வைத்திருந்தால், அதுவே பெரிய ஆறுதலன்றோ? கைவழியே ஆற்றல் பாய்ந்ததா என்னும் வினாவை அறிவியல் ஆராயட்டும். கருணை பாய்ந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை.

இறுதி நாட்கள்

நிலநடுக்கத்துக்குப் பின் மாணாக்கர் தொகை பெருகிற்று. பழைய இடம் போதாமையால் 1925 பிப்ரவரியில் நக்கானோ பகுதியில் புதிய இல்லம் அமைத்தார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் அழைப்புகள் வந்தன. குரே, ஹிரோஷிமா, ஸாகா ஆகிய ஊர்களுக்குச் சென்று, பின் ஃபுக்குயாமா அடைந்தபோது திடீரென நோய்வாய்ப்பட்டு, 1926 மார்ச் 9-ஆம் நாள் இறந்தார். அப்போது அவருக்கு வயது 60. ஜப்பானியப் பழைய கணக்கில் 62 என்பர். அவரிடம் கற்றோர் 2,000-க்கும் மேற்பட்டவர்.

பிறர் நோயைத் தீர்ப்பதாகச் சொன்னவர் தம் நோயைத் தீர்த்துக்கொள்ளவில்லையே என்று எள்ளுவோர் சிலர். அது நியாயமன்று. ததாகதரும் முதுமையும் நோயும் உற்றே குசிநகரத்தில் பரிநிர்வாணம் அடைந்தார். தோன்றிய யாவும் மறையும் என்பது தருமம். ஆனால் எள்ளலில் ஒரு பாடமும் உண்டு: எந்தக் கையும் மரணத்தை விலக்காது. இதனை மறைத்து வாக்குறுதி தருவோரிடம் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்.

உசுயி பெருமை பேசாதவர். எளிமையும் பணிவும் உடையவர். முகத்தில் எப்போதும் புன்னகை தவழும். துன்பம் நேர்ந்தபோது உறுதியோடிருப்பவர் என்று அவருடைய மாணாக்கர் நினைவு கூர்ந்தனர்.

பின் வந்தோர் செய்த மாறுதல்

உசுயியின் மாணாக்கருள் கடற்படையில் மருத்துவராயிருந்த ஹயாஷி சூஜிரோ ஒருவர். அவர் தோக்கியோவில் தனியே ஒரு மருத்துவ இல்லம் நடத்தினார். 1935-இல் அங்கு வந்தவர் தக்காத்தா ஹவாயோ என்னும் அம்மையார். இவர் ஹவாய்த் தீவுகளில் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகச் சென்ற ஜப்பானியரின் மகள், 1900-இல் பிறந்தவர், கணவனை இழந்து இரு பெண்மக்களோடு உழைத்து உடல்நலம் கெட்டவர். இலங்கைக்கும் மலேயாவுக்கும் தோட்டக் கூலிகளாகச் சென்றோரின் வழிவந்தவர்கள் நம்முள்ளும் உளராதலின், அவ்வம்மையாரின் நிலையை நாம் நன்கு உணரலாம். ஹயாஷியின் இல்லத்தில் நலம்பெற்று, முறையையும் கற்று, 1937-இல் ஹவாய்க்குத் திரும்பி அங்கே பரப்பினார். ஹயாஷி 1940-இல் இறந்தார்.

1941 டிசம்பரில் ஜப்பான் முத்துத் துறைமுகத்தைத் தாக்கிற்று. அதன்பின் அமெரிக்காவில் ஜப்பானியரையும் பௌத்தரையும் ஐயத்தோடு நோக்கினர். தக்காத்தா அம்மையார் கூறிவந்த உசுயியின் கதையில், அவர் ஒரு கிறித்தவ போதகர் என்றும், கியோட்டோவின் டோஷிஷா கல்லூரித் தலைவர் என்றும், சிகாகோ பல்கலைக்கழகத்தில் பயின்றவர் என்றும் செய்திகள் இடம்பெற்றன. பிற்காலத்தில் ஆராய்ந்தோர் இரு கல்விநிலையங்களிலும் கேட்டுப் பார்த்தபோது, அத்தகைய பதிவு ஒன்றும் அகப்படவில்லை. அமெரிக்கர் செவிக்கு இனிமையாய் இருத்தற்பொருட்டுப் பௌத்த நாட்டு இல்லறத்தார் ஒருவர் கிறித்தவ போதகராக மாற்றப்பட்டார் போலும். நம் நாட்டில் பௌத்தப் பெரியோர்களையும் விகாரங்களையும் வேறு பெயரிட்டு மறைத்த வரலாற்றை அறிந்த நமக்கு இதில் வியப்பொன்றும் இல்லை.

மற்றொரு மாறுதல் கட்டணம். ஆசிரியர் நிலையை அடைய 10,000 டாலர் செலுத்தவேண்டும் என்று அம்மையார் விதித்தார். 1980 டிசம்பரில் அவர் இறக்குமுன் அந்நிலையைப் பெற்றோர் 22 பேர். அவர்கள் வழியாகவே இம்முறை அமெரிக்கா, ஐரோப்பா சென்று, அங்கிருந்து புனேக்கு வந்தது. கிழக்கிலே தோன்றியது மேற்கைச் சுற்றி நம்மிடம் வந்திருக்கிறது.

பௌத்த வேர்கள் எவை?

ரெய்கியில் பௌத்தம் அறவே இல்லை என்று சொல்லிவிடலாகாது. உயர்படிகளில் மாணாக்கர்க்குச் சில குறியீடுகள் கற்பிக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்று, அமிதாப புத்தருக்குரிய பீஜாட்சரமாகிய ஹ்ரீ: என்னும் எழுத்தினின்று திரிந்தது என்பது ஆராய்ந்தோர் பலரின் கருத்து. அவ்வெழுத்து, இந்தியாவிலிருந்து சீனம் வழியாகச் சென்ற சித்தம் என்னும் வரிவடிவத்தைச் சேர்ந்தது. மற்றொன்றின் சொற்றொடரில் ஷோநென் என்னும் சொல் அமைந்துள்ளது. அது எண்வகை வழியின் ஏழாம் உறுப்பாகிய சம்மா சதி, அதாவது நற்கடைப்பிடி என்பதன் ஜப்பானிய ஒலிப்பாகும். உசுயியின் உடல் அடங்கிய ஸயிஹோஜி, அமிதாபரைப் போற்றும் ஜோடோ பிரிவின் விகாரம்.

அத்தருமம் ஜப்பானுக்குச் சென்ற வழியில் நம் தென்னாட்டாரின் அடிச்சுவடும் உண்டு. 752-இல் நாரா நகரின் பெரும் புத்தர் உருவத்துக்குக் கண்திறக்கும் சடங்கை நடத்தியவர் தென்னிந்தியத் துறவியாகிய போதிசேனர். காஞ்சியிற் பிறந்து நாளந்தையின் தலைமையாசிரியராய் விளங்கிய தருமபாலரின் தத்துவம், அவர் மாணாக்கர் சீலபத்திரர் வழியே யுவான் சுவாங்குக்கும், அவர் வழியே ஜப்பானின் ஹொஸ்ஸோ பிரிவுக்கும் சென்றது. ஆகவே ஜப்பானியப் பௌத்தம் நமக்கு அயலதன்று.

ஆயினும் மரத்தின் வேரைக் காட்டிக் கிளையை மரமென்று விற்கலாகாது. துக்கம், துக்கத்தின் தோற்றம், அதன் ஒழிவு, ஒழிக்கும் வழி என்னும் நான்கு வாய்மைகளையும் கற்பிக்காத எம்முறையும் புத்த தருமம் ஆகாது. ரெய்கி அவற்றைக் கற்பிப்பதில்லை.

நாம் கொள்ளத்தக்கது யாது?

கைவழிப் பாயும் ஆற்றல் ஒன்று உண்டென்பது இதுகாறும் அறிவியலால் நிறுவப்படவில்லை. அமெரிக்காவில் இதனையொத்த மற்றொரு கைமுறையைச் செய்வோர் 21 பேரை எமிலி ரோஸா என்னும் 9 வயதுச் சிறுமி சோதித்தாள். அவர்கள் காணாதபடி திரையிட்டு, அவர்களுடைய இரு கைகளுள் எதன்மேல் தன் கை நிற்கிறது என்று உணர்ந்து கூறச் செய்தாள். 280 முறைகளுள் 44 விழுக்காடே சரியாயிற்று. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலும் பாதி சரியாகும். 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் அதனை வெளியிட்டது. அதே நேரத்தில், அமைதியான இடத்தில் படுத்து, அன்புள்ள ஒருவர் அருகிருக்க, மூச்சைக் கவனித்திருப்போர்க்கு மனச்சோர்வும் வலியின் கடுமையும் குறைதல் கூடும் என்பதும் அனுபவம்.

நாளந்தையில் கேவட்டன் என்னும் இல்லறத்தான், பிக்குகள் அற்புதங்கள் காட்டினால் மக்கள் திரண்டு வருவரென்று பகவனிடம் விண்ணப்பித்தான். பகவன் அதனை விரும்பவில்லை. போதனையாகிய அற்புதமே உயர்ந்ததென்று காட்டினார். மற்றொரு நாள், வயிற்று நோயால் தன் மலத்திலேயே கிடந்த பிக்கு ஒருவரைக் கண்டபோது, ஆனந்தரை நீர் கொணரச் செய்து, தாமே நீரூற்றி, இருவருமாகக் கழுவித் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார். அங்கே மந்திரமில்லை, குறியீடில்லை, கட்டணமில்லை. நீரும் கைகளும் இருந்தன. நோயாளியைப் பேணுதல் தம்மைப் பேணுதலேயாகும் என்று சங்கத்தார்க்கு உணர்த்தினார்.

அத்தகைய கைகளைப் புனே நகரமும் கண்டிருக்கிறது. 1897-இல் இங்கே கொள்ளைநோய் பரவியபோது, நம் பெண்களுக்குக் கல்விக் கண் திறந்த சாவித்திரிபாய் பூலே அம்மையார், மகன் யசுவந்தர் ஹடப்சரில் நடத்திய மருத்துவ இல்லத்துக்கு நோயாளிகளைக் கொண்டுசேர்த்தார். முந்த்வாவின் தீண்டப்படாதார் குடியிருப்பில் நோயுற்ற சிறுவனொருவனைத் தம் தோளிலே சுமந்து சென்றார். அந்நோயே தம்மையும் பற்ற, மார்ச்சு 10-ஆம் நாள் உயிர்நீத்தார். பிறர் தீண்ட அஞ்சிய உடலைத் தீண்டிய கை அது. அவர் சிறுவனை மருத்துவரிடமே சுமந்து சென்றார் என்பதனைக் கூர்ந்து நோக்குக.

ஆகவே அச்சகோதரிக்கு நாம் சொல்லும் விடை இது. உசுயி மிகாவோ மதித்தற்குரிய பெரியார், தோல்வியில் தளராதவர், பெற்றதை மறைக்காதவர், நகரம் எரிந்தபோது தெருவில் இறங்கியவர். அவருடைய ஐந்து கட்டளைகளையும் இன்று ஒரு நாளைக்கென்று நாள்தோறும் மேற்கொள்வதில் குற்றமில்லை. அதற்குக் காசும் தேவையில்லை. பொன்னை அடகுவைக்க வேண்டாம். மகனுக்கு மருத்துவர் கொடுத்த மருந்தை ஒரு வேளையும் நிறுத்த வேண்டாம். இரைப்பு கடுமையானால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. மருந்தைக் கொடுத்தபின், இரவில் மகன் உறங்கும்வரை அவன் மார்பின்மீது கையை வைத்து, எல்லா உயிர்களும் இன்புற்றிருக்க என்று மைத்திரி தியானம் செய்க. எந்த ஆசிரியரும் அக்கையைத் திறந்துவிட வேண்டியதில்லை. தாயின் கை முன்னமே திறந்திருக்கிறது.

1954 டிசம்பர் 25-ஆம் நாள், புனேக்கு அருகிலுள்ள தேகு ரோட்டில் பாபாசாகேப் அம்பேத்கர் புத்தர் உருவத்தை நிலைநாட்டினார். அவ்விகாரத்துக்குச் செல்லும் நம்மவர், அடுத்த முறை கைகூப்பி நிற்கையில் தத்தம் கைகளையும் ஒருகணம் நோக்குவார்களாக. நோயுற்ற அண்டைவீட்டார் எவரேனும் அக்கைகளுக்குக் காத்திருக்கக்கூடும்.